கம்பி கழற்றிய பின்னும் பல் நகரும்

பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைக்கு அதைக் கழற்றும் நாள் பண்டிகை மாதிரி. ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ முறுக்கையும் கடலை மிட்டாயையும் தள்ளி வைத்து, மாதம் தவறாமல் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்து, கம்பியை இறுக்கிய ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டு எட்டிய நாள் அது. டாக்டர் குறட்டால் பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறார். பல்லில் மிச்சமிருக்கும் பசையைத் தேய்த்து வழவழப்பாக்குகிறார். அளவெடுத்து, ஓரிரு நாளில் பல்லை நகராமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னரைச் சிறு டப்பா ஒன்றில் போட்டுக் கையில் கொடுக்கிறார். "ராத்திரி மறக்காம மாட்டிக்கணும்" என்று அவர் சொல்வது, கண்ணாடியில் புதுச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதில் பாதிதான் விழுகிறது. பெற்றோரோ கடைசித் தவணையைக் கட்டிய நிம்மதியில் இருக்கிறார்கள். சில மாதத்தில் அந்த டப்பா மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. மூன்று நான்கு வருடம் கழித்து, கீழ் முன்பற்களில் ஒன்று மெல்லத் தோள் திருப்பி நிற்கிறது.

இதற்குப் பிள்ளையின் சோம்பலைக் குறை சொல்வது எளிது. என் கருத்தில், தவறு அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. சிகிச்சை முடிந்ததும் கொடுக்கும் கொசுறாகவே ரிட்டெய்னரை நாம் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது சிகிச்சையின் மறுபாதி. பல்லை நகர்த்த இரண்டு வருடம் போதும். நகர்த்திய இடத்தில் வைத்திருக்க, பல் நேராக இருக்க வேண்டும் என்று நாம் விரும்பும் காலம் முழுவதும் வேண்டும். இதைக் கம்பி போடும் முன்பே, செலவு பேசும் அன்றே, பெற்றோரிடமும் பிள்ளையிடமும் சொல்லிவிட வேண்டும்.

பல், சுவரில் அடித்த ஆணி போலத் தாடை எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனத்தில் நார்த் திசு ஒன்று இருக்கிறது. பல் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். கம்பி தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்து எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பல் எலும்புக்குள்ளேயே இடம் மாறுவது இப்படித்தான். கம்பியைக் கழற்றும் அன்று பல் புது இடத்துக்கு வந்திருக்கும், சுற்றியுள்ள திசு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. வேரைச் சுற்றிய நார்கள் தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ள மூன்று நான்கு மாதம் ஆகும். ஈறில் இருக்கும் நார்கள் இன்னும் பிடிவாதமானவை. நார்வே நாட்டு ஆய்வாளர் கோரே ரைட்டன் 1950களில் நாய்களின் பற்களைத் திருப்பி, திருப்பிய நிலையிலேயே பிடித்து வைத்து, பிறகு அந்தத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தார். 232 நாள் கழிந்த பிறகும் ஈறு நார்கள் இழுபட்டபடியே இருந்தன. திருகலாக இருந்து நேராக்கப்பட்ட பல், பிடியை விட்டதும் பழைய கோணத்துக்கே முகம் திருப்புவது இதனால்தான்.

காரணம் இது ஒன்றே என்றால் ஒரு வருடம் ரிட்டெய்னர் போட்டுவிட்டுத் தூக்கி எறியலாம். நார்களும் அதற்குள் அடங்கிவிடும். பல காலம் மருத்துவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வேலை. ரிச்சர்ட் ரீடல், ராபர்ட் லிட்டில் ஆகியோர் இருந்த துறை, கம்பி போட்டவர்களைச் சிகிச்சை முடிந்ததோடு மறந்துவிடவில்லை. வருடங்கள் கழித்து அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, மறுபடி அச்செடுத்து, பாரிஸ் சாந்தில் பல் வரிசையை வார்த்து வைத்தார்கள். அளவுகோலை 1975இல் லிட்டில் வகுத்துக் கொடுத்திருந்தார். கீழ் முன்பற்கள் ஆறு. அவை ஒன்றையொன்று தொட வேண்டிய இடங்கள் ஐந்து. ஒவ்வோர் இடத்திலும் பக்கத்துப் பல்லிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காலிப்பரால் அளந்து, ஐந்தையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை மூன்றரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் வரிசை ஏற்கத்தக்கது.

முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டுக் கம்பி போட்ட 65 பேரை இப்படி அளந்து 1981இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. ரிட்டெய்னரை நிறுத்திப் பத்து வருடமோ அதற்கு மேலோ ஆனவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே கீழ் வரிசை ஏற்கத்தக்கதாக இருந்தது. 1988இல், இருபது வருடம் கடந்த 31 பேரின் கணக்கு வந்தது. அவர்களில் தேறியவர்கள் பத்து சதவீதம்தான். ஆனால் எனக்கு இந்தச் சதவீதங்களைவிட முக்கியமாகப் படுவது அதே ஆய்வுகள் சொன்ன இன்னொரு விஷயம். யாருடைய பல் நகரும், யாருடையது நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. முதலில் எவ்வளவு நெருக்கம் இருந்தது, எந்த வயதில் கம்பி போட்டார், ஆணா பெண்ணா என்று எதை வைத்துப் பார்த்தாலும் நம்பகமான குறிப்பு கிடைக்கவில்லை. ஆகவே "உனக்கு வேண்டும், உனக்கு வேண்டாம்" என்று டாக்டர் பிரித்துச் சொல்ல வழியில்லை. எல்லோரும் போட வேண்டியிருப்பது அதனால்தான்.

சியாட்டில் கணக்கை எல்லா ஊருக்கும், எல்லாச் சிகிச்சைக்கும் அப்படியே பொருத்தக்கூடாது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயம்தான். அவர்கள் பல் எடுத்துக் கம்பி போட்டவர்கள், எண்ணிக்கையும் சிறியது. வேறு கூட்டத்தை அளந்தால் பத்து சதவீதம் என்பது மாறலாம். திசை மாறாது என்பதுதான் என் வாதம். அதற்குச் சான்று கம்பியே போடாதவர்கள் வாயில் இருக்கிறது. கனடாவின் பர்லிங்டனில் குழந்தைகளின் தாடை வளர்ச்சியைத் தொடர்ந்து பதிவு செய்த தொகுப்பிலிருந்து, கம்பி போடாத, இயல்பாகவே பல் வரிசை நன்றாக அமைந்த 65 பேரின் அச்சுகளை லிட்டிலும் பீட்டர் சின்கிளேரும் எடுத்துப் பார்த்தார்கள். 1983இல் வெளிவந்த அந்த ஆய்விலும், பதின்ம வயதிலிருந்து இருபதை நெருங்குவதற்குள் பல் வளைவின் நீளம் குறைந்து, கீழ் முன்பற்களின் நெருக்கம் கூடியிருந்தது. முகமும் தாடையும் நடுவயதிலும் அதற்குப் பின்னும் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருப்பதை 1980களில் ரால்ஃப் பெரன்ட்ஸ் காட்டினார். அப்படியானால் "கம்பி சரியாகப் போடவில்லை, அதான் பல் திரும்பிவிட்டது" என்ற புகார் பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது. வயதாகும் வாய் செய்யும் வேலையை, சரியாகப் போட்ட கம்பியாலும் தடுக்க முடியாது.

பழியை ஞானப்பல்லின் மேல் போடுபவர்களும் உண்டு. பின்னாலிருந்து அது முட்டித் தள்ளுகிறது, அதைப் பிடுங்கினால் முன்பல் நிற்கும் என்பது பல வீடுகளில் அசையாத நம்பிக்கை. பிரிட்டனில் இதைச் சோதித்தே பார்த்தார்கள்: சிலருக்கு ஞானப்பல்லை எடுத்து, சிலருக்கு எடுக்காமல் விட்டு, சில வருடம் கழித்து முன்பல் நெருக்கத்தை ஒப்பிட்டார்கள். நெருக்கத்தைத் தடுப்பதற்காக மட்டும் ஞானப்பல்லை எடுப்பதற்கு நியாயம் இல்லை என்று 1998இல் முடிவு சொன்னார்கள். சொத்தை, சீழ், வலி என்று வேறு காரணம் இருந்தால் எடுக்கட்டும். ரிட்டெய்னருக்குப் பதிலாக அதை எடுப்பதில் பயனில்லை.

எந்த ரிட்டெய்னர் நல்லது என்ற கேள்விக்குத்தான் உறுதியான பதில் இன்னும் இல்லை. அண்ணத்தில் படியும் அக்ரிலிக் பிளேட்டும் முன்பற்களின் மேல் ஓடும் கம்பியும் கொண்டது, 1919இல் அதைப் பற்றி எழுதிய சார்லஸ் ஹாலியின் பெயரையே தாங்கி நிற்கிறது. பல்லின் மேல் உறைபோல் உட்காரும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வகை 1990களில் பரவி, இன்று பெரும்பாலோர் கையில் இருக்கிறது. பல்லின் உள்பக்கம் மெல்லிய முறுக்குக் கம்பியை நிரந்தரமாக ஒட்டிவிடும் முறையும் உண்டு. மருத்துவச் சான்றுகளைத் திரட்டிச் சீர்தூக்கும் கோக்ரேன் அமைப்பு 2016இலும் 2023இலும் இவற்றை ஒப்பிட்டது. ஒன்றைவிட மற்றது மேல் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை என்பதே அதன் முடிவு. "சான்றே வலுவில்லை என்றால் எதற்குக் கட்டாயப்படுத்துகிறீர்கள்?" என்று கேட்பார்கள். சான்று வலுவில்லாதது எது சிறந்தது என்பதில்தான். ஒன்றுமே போடாமல் விட்டால் பல் நகரும் என்பதில் இல்லை.

ஒட்டிய கம்பி போட்டவர்கள் தமக்கு வேலை முடிந்தது என்று எண்ணுவது ஆபத்து. நாக்கின் அடியில் உமிழ்நீர்ச் சுரப்பி திறக்கும் இடம் கீழ் முன்பற்களுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பல் காரை முதலில் படிவது அங்கேதான். அதே இடத்தில் ஒரு கம்பியும் ஒட்டியிருந்தால் காரைக்குப் பிடிமானம் கிடைக்கிறது, பிரஷ் நுழையச் சிரமப்படுகிறது. கம்பி ஆறு பற்களில் ஒன்றில் மட்டும் பசை விட்டுப் போனால் வாயில் ஒன்றும் உறுத்தாது. மற்ற ஐந்தும் பிடித்திருக்க, விட்ட பல் மட்டும் யாருக்கும் தெரியாமல் நகர்ந்துகொண்டிருக்கும். இன்னும் அரிதாக, ஒட்டிய கம்பியே முறுக்கவிழ்ந்து பல்லைத் தப்பான பக்கம் தள்ளிய நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. அதனால் இந்த வகை போட்டவரும் டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மிகக் கனமான மறுப்பு வேறு. "பன்னிரண்டு வயதில் கம்பி போட்ட பிள்ளை நாற்பது வயதிலும் இதை மாட்டிக்கொண்டு படுக்க வேண்டுமா? இது டாக்டர்களின் வியாபாரம் இல்லையா?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ரிட்டெய்னர் தேயும், உடையும், தொலையும்; மாற்றச் செலவாகும். அந்தச் செலவை முதல் நாளில் சொல்லாமல் பிறகு சொல்வது தவறு என்றே நானும் சொல்கிறேன். ஆனால் சுமையின் அளவையும் சரியாகப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் ரிட்டெய்னரை இரவில் மட்டும் போட்டவர்களையும் பகலிலும் சேர்த்துப் போட்டவர்களையும் பிரிட்டனில் நடந்த சோதனைகள் ஒப்பிட்டபோது, சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. முதல் சில மாதங்களுக்கு உங்கள் டாக்டர் பகலிலும் போடச் சொன்னால் அதைக் கேளுங்கள். அதற்குப் பிறகு இது தூங்கும் நேரத்து வேலை மட்டுமே. காது குத்திய துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சியாவது செருகி வைப்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். குத்திய ஆசாரி சரியாகக் குத்தவில்லை என்று அதற்காக யாரும் சொல்வதில்லை. சதை தன் வேலையைச் செய்யும் என்று அறிந்து நாம் நம் வேலையைச் செய்கிறோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நகரும் எல்லாப் பல்லும் கேடு இல்லை. கீழ்ப் பல் ஒன்று ஒரு மில்லிமீட்டர் திரும்பினால் சாப்பிடுவதற்கும் பேசுவதற்கும் எந்தக் குறையும் வராது, பல பேருக்கு அது கண்ணில்கூடப் படாது. வளர்ந்த ஒருவர் "இவ்வளவு நகர்ந்தால் பரவாயில்லை, இனி மாட்டமாட்டேன்" என்று தெரிந்தே முடிவெடுத்தால் அது அவருடைய உரிமை. நான் எதிர்ப்பது, தெரியாமல் இழப்பதை. இரண்டு வருடப் பாடும் பெற்றோர் சேர்த்த பணமும், ஒருவரும் தெளிவாகச் சொல்லாத ஒரு வாக்கியத்தால் கரைவது அநியாயம்.

தெரிந்தவர்களும் இதை இழப்பது சின்னச் சின்னக் கைத்தவறுகளால். கல்யாணப் பந்தியில் உட்காரும்போது கழற்றி, டிஷ்யூவில் சுற்றி இலை ஓரத்தில் வைப்பார்கள். இலையோடு அதுவும் மடிந்து போய்விடும். கழற்றினால் டப்பாவுக்குள் மட்டும்தான் போக வேண்டும். கிருமி போகட்டும் என்று கொதிக்கும் நீரில் போட்டால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டாலும் அதே கதிதான். சாதாரணத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அழுக்கு தங்கும். அதை மாட்டிக்கொண்டே குளிர்பானம் குடித்தால் சர்க்கரையும் அமிலமும் உறைக்குள் பல்லோடு ஒட்டி நின்று சொத்தைக்கு வழி செய்யும்.

உங்கள் வீட்டு இழுப்பறையில் அந்த டப்பா கிடந்தால் இன்று இரவே எடுத்துப் பாருங்கள். கழுவி, விரலால் மெல்ல அழுத்துங்கள். கொஞ்சம் இறுக்கத்தோடு உட்கார்ந்தால் பல் சிறிது நகர்ந்திருக்கிறது என்று பொருள். தினமும் இரவில் போடத் தொடங்குங்கள். உட்கார மறுத்தால் கடித்து ஏற்ற வேண்டாம், உடைந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பல் இன்று நிற்கும் இடத்திலாவது நிற்கும்படி புதிதாக ஒன்று செய்து தர அவரால் முடியும்.