பதிப்புரிமையும் மான்ஸ்ஃபீல்டு பிரபுவும்

1756 முதல் 1788 வரை இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்த மான்ஸ்ஃபீல்டு பிரபு வணிகர்களின் அபிமானத்தைப் பெற்றவர். உண்டியல், இன்ஷூரன்ஸ் வழக்குகளில் லண்டன் வியாபாரிகளையே ஜூரிகளாக அமர்த்தி, சந்தை வழக்கத்தைக் கேட்டறிந்து தீர்ப்புக் கூறியவர். பதிப்புரிமைச் சட்டத்திலும் அவர் கை உண்டு. ஆனால் அதில் முதல் பெரிய தீர்ப்பு நிலைக்கவில்லை.

1710-ஆம் ஆண்டுச் சட்டப்படி புது நூலின் உரிமை 14 ஆண்டுகள். கெடு முடியும்போது ஆசிரியர் உயிருடன் இருந்தால் மேலும் 14. தாம்சன் என்ற கவிஞரின் நூலை விலைக்கு வாங்கியிருந்த மில்லர் என்ற புத்தக வியாபாரி, கெடு தீர்ந்தபின் அதை அச்சிட்ட டெய்லர் மீது வழக்குத் தொடுத்தார். உழைத்தவனுக்கே பலன் என்பது மான்ஸ்ஃபீல்டின் வாதம். சட்டத்தின் கெடு எப்படியிருந்தாலும் உரிமை நிரந்தரம் என்று 1769-ல் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. மறுத்தவர் நீதிபதி யேட்ஸ் ஒருவரே. வக்கீலாக இருந்த நாளில் மான்ஸ்ஃபீல்டு புத்தக வியாபாரிகளுக்காக வாதாடியவர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

லண்டன் மொத்த வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம். உரிமைப் பங்குகளை அவர்கள் வெளியாரை விடாமல் தங்களுக்குள்ளேயே ஏலம் போடுபவர்கள். அப்படிப்பட்ட ஏலத்தில் மில்லரின் தாம்சன் உரிமையை பெக்கெட்டும் கூட்டாளிகளும் 505 பவுனுக்கு எடுத்தனர். இப்படிச் சரக்கு ஒரே கூட்டத்தின் கையில் இருந்தால் விலை என்ன ஆகும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எடின்பரோவைச் சேர்ந்த டொனால்ட்சன் லண்டனிலேயே கடை வைத்து, கெடு தீர்ந்த நூல்களை மலிவாக விற்றவர். பெக்கெட் அவர்மீது தடையுத்தரவு பெற்றார். டொனால்ட்சன் பிரபுக்கள் சபை வரை போனார். 1774 பிப்ரவரி 22-ல் நிரந்தர உரிமை இல்லை என்று முடிவாயிற்று. சபையில் மான்ஸ்ஃபீல்டு வாயே திறக்கவில்லை. தம் தீர்ப்புக்குத் தாமே வாதாடுவது முறையல்ல என்று எண்ணினார் போலும்.

அதன்பின் ஜான் பெல் என்பவர் பழைய கவிஞர்களின் நூல்களை மலிவு வரிசையாகக் கொண்டுவந்தார். அவரைத் தடுக்க வழியில்லாத லண்டன் வியாபாரிகள் ஒன்றுகூடி, டாக்டர் ஜான்சனிடம் கவிஞர் வரலாறுகளை எழுதி வாங்கித் தங்கள் பதிப்புக்கு மதிப்புக் கூட்டினர். போட்டியால் சரக்கின் தரம் உயர்ந்தது!

மான்ஸ்ஃபீல்டு ஓய்ந்துவிடவில்லை. இசைக்குறிப்பும் எழுத்தே, ஆகவே அதற்கும் 1710 சட்டம் பொருந்தும் என்று 1777-ல் பாக் என்ற இசைஞரின் வழக்கில் கூறினார். 1785-ல் கடல் வரைபட வழக்கு வந்தது. பாடுபட்டவனின் பலனைப் பறிக்கவும் கூடாது, பிழை திருத்திப் புதிதாகச் செய்பவனைத் தடுக்கவும் கூடாது என்று ஜூரிகளுக்கு எடுத்துரைத்தார். பழைய படத்தின் பிழைகளைத் திருத்தி வெளியிட்ட பிரதிவாதிக்கே ஜூரிகள் வெற்றி தந்தனர்.