நீல இன்ஹேலர் மட்டும் போதாது

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஆஸ்துமாவோடு வாழும் பலருக்கு மருந்து என்றால் அந்த நீல நிற இன்ஹேலர்தான். இழுப்பு வந்தால் இரண்டு தடவை அடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். தீர்ந்துவிட்டால் மருந்தகத்தில் டாக்டர் சீட்டு இல்லாமலே இன்னொன்று வாங்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் கிளினிக்கில் ‘கேஸ்’ (நெபுலைசர்) வைத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். மூச்சு சீராகிவிட்டதால் நோயும் சீராகிவிட்டது என்ற இந்த நம்பிக்கை உயிருக்கே ஆபத்தானது. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ‘ஜினா’ அமைப்பு 2019இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நீல இன்ஹேலரில் உள்ள சல்பூட்டமாலை மட்டும் கொடுத்து ஆஸ்துமாவைக் கவனிக்கக் கூடாது, நோய் லேசாக இருந்தாலும் சரி. முப்பது ஆண்டுகளில் இந்தச் சிகிச்சையில் வந்த ஆக அடிப்படையான மாற்றம் என்று அதை வகுத்தவர்களே குறிப்பிட்டார்கள்.

காரணம் எளிது. ஆஸ்துமாவின் வேர் மூச்சுக்குழாயின் உட்புற அழற்சி. சல்பூட்டமால் குழாயைச் சுற்றி இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. அழற்சியை அது தொடுவதே இல்லை. அடிக்கடி அடிக்க அடிக்க அந்த மருந்துக்கு உடல் காட்டும் பதிலும் மங்குகிறது. பிரிட்டனில் ஆஸ்துமாவால் நேர்ந்த 195 மரணங்களை ஆராய்ந்து 2014இல் வெளியான அறிக்கை இதன் விளைவைக் காட்டியது. நீல இன்ஹேலர் போன்ற நிவாரண இன்ஹேலர் எத்தனை எழுதித் தரப்பட்டன என்ற கணக்குக் கிடைத்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12க்கும் மேல் எழுதித் தரப்பட்டிருந்தன. இது அங்கே மட்டும் உள்ள சிக்கல் என்று ஒதுக்கவும் முடியாது. மலேசியா உட்பட 24 நாடுகளில் நடந்த ‘சபினா’ ஆய்வில் ஆஸ்துமா நோயாளிகளில் 38 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் மூன்றோ அதற்கு மேலோ நிவாரண இன்ஹேலர்கள் எழுதித் தரப்பட்டிருந்தன.

நோய் முற்றியவர்தானே அதிகம் அடிப்பார், மரணத்துக்கு இன்ஹேலர் எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்கெடுப்புகளால் மட்டும் இதற்கு விடை சொல்ல முடியாது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டால்தான் முடியும். அதையும் செய்துவிட்டார்கள். 2018இல் வெளியான ‘சிக்மா’ ஆய்வில், இழுப்பு வரும்போது மட்டும் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டான புடசொனைடும் குழாயை விரைவாகத் தளர்த்தும் ஃபோர்மெட்டராலும் கலந்த கூட்டு இன்ஹேலரை அடித்தவர்களுக்கு, வெறும் நிவாரண மருந்தை அடித்தவர்களைவிடக் கடுமையான தாக்குதல்கள் 64 விழுக்காடு குறைந்தன. அந்த ஆய்வுக்கு மருந்துக் கம்பெனி பணம் கொடுத்ததே என்ற ஐயமும் எழும். அதனால்தான் 2019இல் வந்த நியூசிலாந்தின் ‘பிராக்டிகல்’ ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த நாட்டின் அரசு நிதியில் நடந்த அந்த ஆய்வில், கூட்டு இன்ஹேலரைத் தேவைப்படும்போது மட்டும் அடித்தவர்களுக்கு, தினமும் ஸ்டீராய்டும் தனியாக நிவாரண மருந்தும் பயன்படுத்தியவர்களைவிடக் கடுமையான தாக்குதல்கள் 31 விழுக்காடு குறைவு.

ஸ்டீராய்டு என்ற சொல்லே நம்மவர்களைப் பயமுறுத்துகிறது. உடம்பு ஊதும், எலும்பு தேயும் என்பார்கள். அடிக்கடி மாத்திரையாகவோ ஊசியாகவோ போனால் அந்தப் பயத்தில் உண்மை உண்டு. ஆனால் உள்ளிழுக்கும் அளவு மைக்ரோகிராம் கணக்கு. ‘சிக்மா’வில் தேவைப்படும்போது மட்டும் அடித்தவர்களுக்குப் போன அளவு, தினமும் ஸ்டீராய்டு அடித்த இன்னொரு பிரிவினருக்குப் போனதில் ஆறில் ஒரு பங்குதான். அடித்தபின் வாய் கொப்பளித்தால் வாய்ப்புண்ணும் பெரும்பாலும் வராது. இந்தச் சிறிய அளவை மறுத்துவிட்டு, தாக்குதல் வரும்போதெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குபவரே அந்த மருந்தை உடம்பு முழுக்க ஏற்றிக்கொள்கிறார். விலை பற்றிய கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். தனியாரிடம் கூட்டு இன்ஹேலர் நீலத்தைவிடப் பல மடங்கு விலை. ஆனால் அரசாங்க கிளினிக்கில் குடிமக்கள் ஒரு ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்க்கலாம். கூட்டு இன்ஹேலர் கிடைக்காவிட்டால், நீலத்தை அடிக்கும்போதெல்லாம் கூடவே ஸ்டீராய்டு இன்ஹேலரையும் அடிக்கும் மலிவான வழியை ‘ஜினா’ ஏற்கிறது.

குற்றம் காற்றின் மேல்தான் என்பவர்களும் உண்டு. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்தில் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்ட நாள்களைக் கண்ட ஊருக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. புகைமூட்டத்தையும் லாரிப் புகையையும் அரசுதான் தடுக்க வேண்டும். அது நடக்கும்வரை, அந்தப் புகை உள்ளே போகும் குழாய் ஏற்கெனவே அழன்று கிடக்கிறதா இல்லையா என்பது சிகிச்சையைப் பொறுத்தது.

இவ்வளவும் ஆஸ்துமாவுக்கு மட்டுமே. நெடுநாள் புகைத்தவர்களுக்கு வரும் சிஓபிடி என்ற நுரையீரல் நோய் வேறு. அங்கே ஸ்டீராய்டு எல்லாருக்கும் ஏற்றதல்ல. நிமோனியா அபாயத்தைக் கூட்டும் என்பதால் ரத்தத்தில் ஈஸினோஃபில் அணுக்களின் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கூட்டு இன்ஹேலர்களிலும் சால்மெட்டரால் உள்ளவை மெதுவாக வேலை செய்வதால் அவசரத்துக்கு உதவா. ஆகவே யாரும் தாமாக மருந்தை மாற்றக் கூடாது, நீலத்தைத் தூக்கி எறியவும் கூடாது. திடீர்த் தாக்குதலில் மருத்துவமனை போய்ச் சேரும்வரை அது உயிர் காக்கும். கடந்த ஓராண்டில் எத்தனை நீல இன்ஹேலர் வாங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றோ அதற்கு மேலோ என்றால், இந்த வாரமே அந்தக் கணக்கோடு டாக்டரைப் போய்ப் பாருங்கள்.