சங்கம் வளர அங்கத்தினர் பங்கு

ஒரே தொழிலைச் செய்வோர் ஒன்று சேர்ந்து சங்கம் அமைத்துக்கொள்வது நம் கிராமங்களில் நிலைபெற்றுவிட்ட வழக்கமாகும். பால் உற்பத்தியாளர் சங்கம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் குழு எனப் பல பெயர்களில் அவை இயங்கி வருகின்றன. சங்கத்தை அமைப்பது அத்துணைக் கடினமான காரியமன்று. விண்ணப்பம் எழுதவும், பங்குத் தொகை திரட்டவும், பதிவு செய்யவும் அலுவலர்கள் துணை நிற்கிறார்கள். பதிவான சங்கத்தைப் பத்தாண்டுகளுக்குப் பின்னரும் உயிரோடு வைத்திருப்பதே அரிய செயல். அதனை எந்த அலுவலரும் செய்து கொடுத்துவிட இயலாது. அது அங்கத்தினர்களே செய்துகொள்ள வேண்டிய பணியாகும்.

சங்கங்கள் நலிவடைவதற்குப் பணக்குறைவே காரணம் என்று பலர் கருதுகின்றனர். நாம் கண்ட அளவில் அது முழு உண்மையன்று. பணம் குறைவதற்கு முன்னரே கூட்டத்திற்கு வருவோர் தொகை குறைந்துவிடுகிறது. முதலாண்டில் கூடம் கொள்ளாத கூட்டம் இருக்கும். மறு ஆண்டில் பாதிப் பேரே வருவர். அதன்பின், தலைவரும் செயலாளரும் தாமே தீர்மானம் எழுதிக்கொண்டு, பதிவேட்டை வீடு வீடாக அனுப்பிக் கையொப்பம் வாங்கும் வழக்கம் தோன்றிவிடும். அந்நாள் முதற்கொண்டே சங்கம் நோய்வாய்ப்படுகிறது. கேட்பாரற்ற கணக்கில் பிழை நுழைகிறது. பிழை நுழைந்த செய்தி ஊரில் பரவியதும், எஞ்சியிருந்தோரும் விலகிக்கொள்கின்றனர். முடிவில், உழவர் மீண்டும் தனித்து நின்று, அறுவடையான நெல்லைக் களத்துமேட்டிலேயே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியவராகிறார். அவர் கட்டிய பங்குத் தொகையும் திரும்புவதில்லை. அதனினும் பெரிய இழப்பாக, மறுமுறை ஒன்றுசேர வேண்டும் என்ற நம்பிக்கையும் போய்விடுகிறது.

அங்கத்தினர் ஏன் வராமற் போகிறார்? சங்கத்தில் அவருக்கென்று ஒரு வேலை இல்லாமையே முதற்காரணம். தாம் வந்தாலும் வராவிட்டாலும் காரியம் ஒன்றுபோல நடக்கும் என்று தெரிந்தபின், கூலியை விட்டுவிட்டு எவரும் கூட்டத்திற்கு வரமாட்டார். வேலை கொடுக்கப்பட்ட அங்கத்தினர் சங்கத்தைத் தமது உடைமையாக எண்ணுகிறார். வேலை கொடுக்கப்படாதவரோ அதனை மற்றொரு கடையாகவே எண்ணுகிறார்.

சிறந்த சங்கங்களின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் நெசவாளர் முதலிய தொழிலாளர் 28 பேர் கூடி, 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு பண்டசாலையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பொருள்களே அதில் இருந்தன. அங்கத்தினர்களே விற்பனையாளராகவும் காசாளராகவும் பணி புரிந்தனர். எவ்வளவு முதல் போட்டிருப்பினும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்றும், இலாபத்தை அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்பப் பகிர்வது என்றும் விதி செய்துகொண்டனர். இன்று உலகெங்கும் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் அவ்விதிகளை அடிப்படையாகக் கொண்டவையே.

நம் நாட்டில் குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் ஆனந்த் நகரில் பதிவாயிற்று. தொடக்கத்தில் அதில் இரண்டு கிராமச் சங்கங்களே இருந்தன. நாளொன்றுக்குச் சேர்ந்த பால் சுமார் 250 லிட்டர்தான். திரிபுவன்தாஸ் பட்டேல் அதன் தலைவராக இருந்து கிராமம் கிராமமாகச் சென்று உற்பத்தியாளரைச் சேர்த்தார். அது பெருகியதற்கு அங்கத்தினரின் அன்றாடத் தொடர்பு ஒரு முக்கிய காரணமாகும். நம் பால் சங்கங்களிலும் இம்முறையே நடைபெறுகிறது. அங்கத்தினர் காலையும் மாலையும் சங்கத்திற்கு வருகிறார். பாலின் அளவும் தரமும் சோதிக்கப்படுகின்றன. அதற்கேற்ற விலை அவர் கணக்கில் ஏறுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டத்திற்கு மட்டும் வருபவருக்கும் நாள்தோறும் வருபவருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவும் வேண்டுமோ?

ஆகவே, நம் சங்கங்களில் அங்கத்தினரின் பங்கு பெருகுவதற்கான வழிகள் சிலவற்றை இங்குக் குறிப்பிடுவோம்.

முதலாவது, சிறு குழுவே அடித்தளமாக இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2017-18-ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 20 உழவர் கொண்ட ஆர்வலர் குழுக்கள் ஐந்தை இணைத்து, 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு அமைக்கப்பட்டது. குழு ஒன்றுக்கு ரூ.5 லட்சம் தொகுப்பு நிதியும் வழங்கப்பட்டது. இவ்வமைப்பின் பொருளை நாம் உணர வேண்டும். நூறு பேர் நடுவே எழுந்து பேசக் கூசும் உழவர், தம் தெருவைச் சேர்ந்த இருபது பேரிடையே தயங்காமற் பேசுவார். எனவே, பெரிய குழு அமைந்தபின் சிறு குழுக் கூட்டங்களை நிறுத்திவிடலாகாது.

இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு வேண்டும். விதை, உரத் தேவையைக் கணக்கெடுப்பவர் ஒருவர். சந்தை விலையை விசாரித்துக் கரும்பலகையில் எழுதுபவர் ஒருவர். எடை போடும்போது உடன் நிற்பவர் ஒருவர். கூட்டத்திற்கு வராதவரை வீடு சென்று கண்டு வருபவர் ஒருவர் என்று இருபது பேருக்கும் பணியைப் பிரித்துக் கொடுக்கலாம். பழங்காலத்தில் ஏரி வாய்க்கால்களைக் குடிமராமத்து முறையில் ஊராரே செப்பனிட்டு வந்தனர். ஏரியில் மண்வெட்டி பிடித்தவருக்கு அந்த நீரின்மீது அக்கறை தானாகவே உண்டாயிற்று. சங்கத்திற்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, பொதுக் கருவிகளின் முறைவரிசை வெளிப்படையாக இருத்தல் வேண்டும். மழை பெய்தபின் உழவுக்குரிய ஈரம் சில நாட்களே நிற்கும். அச்சமயத்தில் சங்கத்தின் பவர் டில்லர் முதலில் யார் வயலுக்குப் போவது என்பதில்தான் பெரும்பாலான மனத்தாங்கல்கள் பிறக்கின்றன. பருவம் தொடங்குமுன்பே கூட்டத்தில் குடவோலை போல் சீட்டுக் குலுக்கி வரிசையை முடிவு செய்து, அதனைப் பலரும் காணும் இடத்தில் எழுதி வைத்தல் நலம். சென்ற பருவத்தில் கடைசியாகப் பெற்றவருக்கு இம்முறை முதலிடம் தரலாம். தலைவரின் வயலும் இவ்வரிசைக்கு உட்பட்டதேயாம்.

நான்காவது, கணக்கை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் பணம் எங்குச் சென்றது என்பதை அறிய உரிமையுடையவர். ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வரவு, செலவு, கையிருப்பு, வரவேண்டிய கடன் ஆகிய நான்கையும் எல்லோரும் கேட்கும்படி படித்துவிட்டால், ஐயமும் புறங்கூறலும் பெரிதும் குறைந்துவிடும். கேள்வி கேட்பவரைப் பகைவராகக் கருதாமல், சங்கத்தின் காவலராகக் கருதுதல் வேண்டும்.

ஐந்தாவது, அங்கத்தினரே அங்கத்தினருக்கு ஆசானாகலாம். 1989-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் உழவர் வயல்வெளிப் பள்ளி என்னும் முறை தொடங்கியது. ஏறத்தாழ 25 உழவர் பருவம் முழுதும் வாரந்தோறும் ஒரு வயலில் கூடி, பயிரையும் பூச்சியையும் தாமே கண்டறிந்து, மருந்து தெளிக்க வேண்டுமா வேண்டாவா என்று தாமே முடிவு செய்தனர். நம் ஊர்களிலும் வரிசை நடவில் தேர்ந்தவர், மண்புழு உரம் தயாரிப்பவர், ஆட்டு நோயைக் குறிகண்டு சொல்பவர் இருக்கின்றனர். மாதம் ஒருவர் தம் வயலிலோ கொட்டிலிலோ மற்றவர்க்குக் கற்பிக்கட்டும். கற்பிப்பவர் மதிப்புப் பெறுகிறார். கற்பவர் பயன் பெறுகிறார். சங்கத்திற்கு வருவதற்கு ஒரு காரணமும் உண்டாகிறது.

ஆறாவது, பெண்களை மறத்தலாகாது. நிலம் கணவர் பெயரில் இருப்பினும், நடவும் களையெடுப்பும் கால்நடைப் பராமரிப்பும் பெரும்பாலும் பெண்கள் கையிலேயே உள்ளன. சங்கத்தின் விதி இடந்தருமாயின் அவர்களையும் அங்கத்தினராகச் சேர்த்து, அடுப்பு வேலையும் வயல் வேலையும் ஓய்ந்த நேரத்தில் கூட்டத்தை வைக்க வேண்டும். குறித்த நேரத்திற்குச் சேமிப்பதும், தவணை தவறாமற் செலுத்துவதும் எவ்வாறு என்பதை மகளிர் சுய உதவிக் குழுவினரிடமிருந்து மற்றச் சங்கத்தார் கற்றுக்கொள்ளலாம்.

ஏழாவது, பொறுப்பு ஒருவர் கையிலேயே தங்கிவிடலாகாது. தலைவர் எவ்வளவு நல்லவராயினும், அடுத்தவரைப் பழக்கிவிடாத தலைவரால் சங்கத்திற்கு முழு நன்மை விளையாது. சிறு குழுவின் கூட்டத்திற்கு ஒவ்வொரு மாதமும் ஒருவர் தலைமை தாங்கலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் இதில் கடமை உண்டு. கூட்டம் நடத்தப் பொதுக் கட்டடத்தை உதவலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களில் சங்கத்தின் பணிகளை எடுத்துரைக்க வாய்ப்பளிக்கலாம். ஆனால் உதவி வேறு, ஆதிக்கம் வேறு. சாதிப் பிரிவும் கட்சிப் பூசலும் சங்கத்தின் வாயிலுக்கு வெளியே நிற்கட்டும்.

ஊர் கூடினாலன்றித் தேர் நகராது. ஆயினும், கூடிய ஊர் வேடிக்கை பார்த்து நின்றால் தேர் நிலையிலேயே நிற்கும். ஒவ்வொரு கையும் வடத்தைப் பற்ற வேண்டும். அடுத்த கூட்டத்தில் உங்கள் சங்கப் பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்யும் பணியை எழுதிப் பாருங்கள். எத்தனை பெயர்களுக்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கிறதோ, அத்தனை கைகள் இன்னும் வடத்தைப் பற்றவில்லை என்று அறிந்து, அவர்களை அழைத்து வாருங்கள்.