ஒண்டிக்கடைக்கு ஏறுமா அந்த வண்டி?

ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி வந்தவர்கள், ஏரிப் பக்கம் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு டீ குடிப்பது வழக்கம். அப்படி நின்றிருந்த ஒரு மாலையில், வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் தன் கைபேசியை என் முன்னே நீட்டினார். "ஏனுங்க சார், இந்த வண்டி நம்ம மலை ஏறுங்களா?"

திரையில் இருந்தது வசிரானி எகாங்க். மும்பை நிறுவனம் ஒன்று 2021-ல் அறிமுகப்படுத்திய மின்சார ஹைப்பர்கார். ஒருவர் மட்டுமே உட்காரலாம். உடல் முழுக்கக் கார்பன் இழை. நிறுவனம் தரும் கணக்குப்படி 722 குதிரைத்திறன், எடை 738 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 309 கிலோமீட்டர். நின்ற நிலையிலிருந்து நூறைத் தொட 2.54 விநாடி. இந்தூர் அருகே பீதம்பூரில் இருக்கும் 11.3 கிலோமீட்டர் நாட்ராக்ஸ் ஓடுபாதையில் இதை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

ஏறுமா என்றால், தாராளமாக ஏறும். ஓட்டுநரோடு சேர்த்து 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை தோராயமாக ஆயிரம் மீட்டர் உயரம். அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் ஏறக்குறைய 78 லட்சம் ஜூல். நம் வீட்டு மின்கட்டண அட்டையின் மொழியில் சொன்னால் இரண்டேகால் யூனிட்கூட இல்லை. அரை மணி நேரத்தில் ஏறுவதாக இருந்தால், தூக்குகிற வேலைக்கு மட்டும் ஆறு குதிரை போதும். டயர் உருளும் தடை, காற்றின் தடை, வளைவுதோறும் குறைத்துக் கூட்டும் வேகம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் சராசரி இருபது குதிரையைத் தாண்டாது. மிச்சம் எழுநூறு குதிரைக்கும் இந்த மலையில் வேலையே இல்லை.

சரி, வளைவில் என்ன செய்யும்? இந்தியச் சாலை விதிகளின்படி கொண்டை ஊசி வளைவின் உள்வட்ட ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும். அந்த ஆரத்தில் வண்டி வழுக்காமல் திரும்பக்கூடிய வேகத்தைச் சொல்லும் சூத்திரம் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது: உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம், ஆரம், இந்த மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விடை. காய்ந்த சாலையில் சாதாரண டயருக்கு மணிக்கு 38 கிலோமீட்டர் வருகிறது. ஒட்டிப் பிடிக்கும் பந்தய டயர் போட்டால் 46. மழையில் நனைந்த தாரில் 27-க்குக் கீழே இறங்கிவிடும். அந்தச் சூத்திரத்தில் எடையும் இல்லை, குதிரைத்திறனும் இல்லை, விலையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஹைப்பர்காரின் உடலைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் காற்றும் இங்கே உதவாது. அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. 300-ல் கிடைப்பதில் நாற்பதில் ஒரு பங்குதான் 46-ல் கிடைக்கும்.

அப்படியானால் எகாங்கில் வியக்க என்ன இருக்கிறது? என் பதில், அந்த 738 கிலோதான். பழைய மாருதி 800 சுமார் 650 கிலோ. இன்று நம் சாலையில் ஓடும் மின்சாரக் கார்கள் பல 1,400 கிலோவுக்கு மேல். பேட்டரி கனமானது, சூடாகாமல் காக்க அதைச் சுற்றிக் குளிர்திரவம், பம்பு, குழாய் என்று இன்னும் கனம் ஏறும். எகாங்கில் திரவமே கிடையாது, பேட்டரியைக் காற்றாலேயே குளிர்விக்கிறார்கள். எடையைக் குறைத்தால் பேட்டரி சிறிதாகும், பேட்டரி சிறிதானால் எடை மேலும் குறையும். கெட்ட சுழலை நல்ல சுழலாகத் திருப்பிவிடும் அந்த யோசனையை நான் 309 என்ற எண்ணைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

எடை குறைந்த பொருள்களுக்கும் இந்த மலைக்கும் தொடர்பு உண்டு. சேர்வராயன் மலையின் உச்சியில் படிந்த பாக்சைட்டை வெட்டி இறக்கித்தான் மேட்டூர் மால்கோ ஆலையில் அலுமினியம் உருக்கினார்கள். மலையேறும்போது கீழே திரும்பிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று தெரிகிறதே, சேலத்துக்காரர்கள் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட், அதற்குள் இருக்கும் மக்னீசியம் அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு இலேசு. பந்தயக் கார்களின் சக்கரங்களை வார்க்கும் உலோகம் அது. நாமோ அந்தக் கல்லைச் சுட்டு, எஃகு உலைகளுக்கு உள்ளே பதிக்கும் வெப்பம் தாங்கும் செங்கலாக்குகிறோம்.

மறுபடி எகாங்குக்கு வருவோம். ஒரே ஒருவருக்காக வண்டி கட்டுவது புதிய பழக்கம் அல்ல. 1910-ல் கல்கத்தாவில் வாழ்ந்த ஓர் ஆங்கிலச் செல்வந்தர் அன்னப் பறவை வடிவில் கார் செய்யச் சொல்லி வாங்கினார். அதன் அலகிலிருந்து வெந்நீர் பீய்ச்சும். பிறகு நாபா சமஸ்தானத்துக்குப் போய், இன்று நெதர்லாந்தின் லௌமன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2019-ல் புகாட்டி ஒரே ஒரு 'லா வாத்யூர் நுவார்' காரை அறிமுகப்படுத்தி, வரி நீங்கலாக 1.1 கோடி யூரோவுக்கு விற்றது. சேகரிப்பவர்கள் கொடுக்கும் இந்தப் பணத்தில்தான் புதிய யோசனைகள் பல முதலில் உயிர் பெறுகின்றன, அதை மறுக்க முடியாது. ஆனால் வாங்கிய வண்டியைத் துணி போர்த்திப் பூட்டிவைத்து விலை ஏறக் காத்திருப்பவர்களை என்னால் மெச்ச முடியவில்லை. என் மனம் கோவை எஸ். கரிவரதனிடம்தான் போகிறது. அவரும் கையால் பந்தயக் கார் கட்டியவர். மாருதி 800 எஞ்சினை வைத்து, நம் பிள்ளைகள் குறைந்த செலவில் ஓட்டக்கூடிய ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினார். அப்படிப்பட்ட கார்களில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். கோவையின் பந்தயத் திடல் இன்று 'கரி' பெயரைத் தாங்கி நிற்கிறது.

டீ முடிவதற்குள் சேலம் பேருந்து ஒன்று எங்களைக் கடந்து இறங்கியது. அடிவாரத்தில் நின்று பாருங்கள், இறங்கி வரும் கனரக வண்டிகளிடமிருந்து பிரேக் லைனிங் கருகும் வாடை வரும். ஆட்களோடு 12 டன் இருக்கும் பேருந்து ஆயிரம் மீட்டர் இறங்கினால், சுமார் 33 யூனிட் ஆற்றல் பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாகிக் காற்றில் போகிறது. மின்சார வண்டியில் மோட்டாரே இறக்கத்தில் ஜெனரேட்டராக மாறும். வீணாகும் அந்த ஆற்றலில் பெரும்பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பலாம், பிரேக்கும் கருகாது. எடை குறைந்த உடல், எளிய குளிர்விப்பு, இறக்கத்தில் மின்சாரம்: ஹைப்பர்கார் கற்றுத்தந்த இந்தப் பாடங்களுக்கு மலைப் பேருந்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

இந்த மலைக்கு அருகில்தான் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் தம்பி தங்கைகளே, ஒரு விடுமுறை நாளில் ஏற்காடு பேருந்தில் ஏறி, இருபது வளைவிலும் வேகத்தையும் சரிவையும் குறித்து வாருங்கள். அந்தக் கணக்கிலிருந்து தொடங்கி நமக்கொரு மலைப் பேருந்தை வடிவமைத்துத் தாருங்கள்.