பூவோடு சேர்ந்த கம்பி!

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால் என்ற ஊர் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை உள்ள ஊர். கைப்பேசி தயாரிப்பில் வேலை பார்க்கும் பெண்களுக்காக, 18,720 பேர் தங்கக்கூடிய பிரம்மாண்டமான விடுதி 2024 ஆகஸ்டில் அங்கே திறக்கப்பட்டது.

கைப்பேசித் தொழிலுக்குத் தூசு பெரிய எதிரி. இரண்டு உலோகம் சேரும் இடத்தில் அழுக்குப் படிந்தால் மின்சாரம் தடுமாறும்.

இதே தொல்லை, உலகத்தின் பெரிய விஞ்ஞானிகளையும் ஆட்டி வைத்திருக்கிறது!

ஒட்டினால் வரும் குணம்

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். உலோகத்திலும் இது நடக்கிறது.

அலுமினியத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 272 டிகிரி வரை குளிர வைத்தால், அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். இந்தக் குணம் இல்லாத வேறு பொருளை அதோடு ஒட்டி வைத்தால், ஒட்டிய இடத்தில் அதற்கும் அந்தக் குணம் வந்துவிடும். இதற்கு 'அண்மை விளைவு' என்று பெயர். ஹோம், மைஸ்னர் என்ற இருவர் 1932-லேயே இதைக் கண்டார்கள்.

2010-ல் இதை வைத்து ஒரு புதிய யோசனை பிறந்தது. சொன்னவர்களில் ஒருவர், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்த சங்கர் தாஸ் சர்மா. தலைமுடியில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமன் உள்ள கம்பியை அப்படிப்பட்ட உலோகத்தோடு ஒட்ட வேண்டும். பக்கத்தில் காந்தம் வைக்க வேண்டும். கம்பி வேறொரு நிலைக்கு மாறிவிடும் என்றார்கள்.

அது என்ன நிலை? உளுந்து வடையைப் பாருங்கள். அமுக்கினாலும் இழுத்தாலும் நடுத்துளை போகாது. பிய்த்தால்தான் போகும். அந்தக் கம்பியின் நிலையும் சின்னக் குறைகளால் கெடாது.

பாதி நோட்டு

அந்தக் கம்பியில் ஓர் எலெக்ட்ரான், இரண்டு பாதியாகி இரண்டு முனையிலும் நிற்பது போல இருக்கும். கிழித்த ரூபாய் நோட்டில் ஒரு பாதியை வைத்துக்கொண்டு கடைக்குப் போக முடியுமா? அதுபோல ஒரு முனையை மட்டும் தொட்டு, உள்ளே இருக்கும் கணக்கை அறியவும் முடியாது, கெடுக்கவும் முடியாது. சிறு அதிர்வுக்கே கணக்கை இழந்துவிடும் குவாண்டம் கணினிக்கு இது வரப்பிரசாதம்!

இந்தப் பாதிக்கு 'மயோரானா' என்று பெயர். தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கும் துகள் உண்டு என்று 1937-ல் சொன்ன இத்தாலிய விஞ்ஞானியின் பெயர் அது. அவர் 1938 மார்ச்சில் நேப்பிள்சுக்கும் பலெர்மோவுக்கும் இடையே கப்பல் பயணத்தில் மாயமானார். என்ன ஆனார் என்பது இன்றுவரை மர்மம்.

துகளும் அவரைப் போலவே கண்ணாமூச்சி ஆடுகிறது!

2012-ல் ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் சோதனை நடந்தது. அடையாளம் தெரிந்தது என்றார்கள். ஆனால் ஒட்டு சரியில்லை. இருக்கக்கூடாத எலெக்ட்ரான்கள் நடுவே புகுந்து குழப்பின. 2015-ல் கோபன்ஹேகனில் ஒரு வழி கண்டார்கள். காற்றே இல்லாத கூண்டில், கம்பியின் மேல் அலுமினியத்தை அணு அணுவாக வளர்த்தார்கள். நடுவே அழுக்குக்கு இடமே இல்லை. ஒட்டு பிரமாதமாக அமைந்தது.

கம்பி சுத்தமானது, கணக்கு சுத்தமாகவில்லை. திட்டவட்டமான சான்று கிடைத்ததாக 2018-ல் டெல்ஃப்ட் குழு எழுதியது. 2012 சோதனையில் பங்கெடுத்த ஃபிரோலோவ், மவுரிக் இருவருமே முழு அளவீடுகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். சில விடுபட்டிருந்தன! 2021-ல் கட்டுரையை எழுதியவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

2025 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'மயோரானா 1' என்ற சில்லை அறிவித்தது. அன்றே வெளியான ஆய்வுக் கட்டுரையோடு, பத்திரிகையின் ஆசிரியர் குழு ஒரு குறிப்பும் சேர்த்திருந்தது. மயோரானா இருப்பதற்கு இந்த முடிவுகள் அத்தாட்சி ஆகாது என்றது அந்தக் குறிப்பு.