ஒரே பெயரில் இரண்டு! கம்ப்யூட்டர் எதை எடுக்கும்?

ஒரு வீட்டில் 2 கடிகாரங்கள். ஒன்று சரியாக ஓடுகிறது. மற்றது 10 நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. பிந்தி ஓடும் கடிகாரம் வாசலில் இருந்தால் என்ன ஆகும்? வீட்டில் உள்ள எல்லோரும் ரெயிலைத் தவற விடுவார்கள்!

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி நடப்பது உண்டு.

"ஆர்" மொழி

புள்ளிவிவரக் கணக்குப் போடுவதற்கு "ஆர்" என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கிறது. நியூசிலாந்து நாட்டில், ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் இதை உருவாக்கினார்கள். இதன் முதல் முழுப் பதிப்பு 2000-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி வெளிவந்தது.

ஒவ்வொரு வகைக் கணக்குக்கும் ஒரு "பேக்கேஜ்" உண்டு. மருந்து சாப்பிட்ட நோயாளிகள் எத்தனை காலம் உயிரோடு இருந்தார்கள் என்று கணக்கிட "சர்வைவல்" என்ற பேக்கேஜ் இருக்கிறது. பேக்கேஜ்களை வைக்கும் அலமாரிக்கு "லைப்ரரி" என்று பெயர்.

இரண்டு வந்தது எப்படி?

ஒரே கம்ப்யூட்டரில் பல லைப்ரரிகள் இருக்கலாம். கல்லூரியில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருக்கும். அதில் கை வைக்க மாணவருக்கு அனுமதி இருக்காது. ஆகவே, அவர் தனக்கென்று சொந்த லைப்ரரி வைத்துக்கொள்வார். பொது லைப்ரரியில் உள்ள அதே பேக்கேஜ் அவரிடமும் வந்து சேர்ந்துவிடும்.

"ஆர்" எப்போதும் வரிசைப்படி தேடும். சொந்த லைப்ரரிதான் வழக்கமாக முதலில் இருக்கும். அங்கே பேக்கேஜ் அகப்பட்டதும் எடுத்துக்கொள்ளும். அடுத்த லைப்ரரியைப் பார்க்காது. புதியதா, பழையதா என்றும் கேட்காது!

பொது லைப்ரரியில் நிர்வாகி புதிய பதிப்பை வைத்தாலும், அந்த மாணவருக்குப் பழையதுதான் கிடைக்கும். பழைய பதிப்பில் இருந்த பிழை திருத்தப்பட்டிருந்தாலும், அவர் கணக்கில் அது தொடரும். எச்சரிக்கையும் வராது. நோயாளிகளைப் பற்றிய கணக்கில் இப்படி நடந்தால் எவ்வளவு ஆபத்து!

கண்டுபிடிக்கும் வழி

இதைக் கண்டுபிடிப்பது எளிது. வீட்டுச் சாமான்களுக்கு ஜாபிதா எழுதுவது போலத்தான்.

முதலில், லைப்ரரிகள் எங்கெங்கே, எந்த வரிசையில் இருக்கின்றன என்று "ஆர்" மொழியிடமே கேட்கலாம். பிறகு எல்லா லைப்ரரிகளிலும் உள்ள பேக்கேஜ்களின் பட்டியலைக் கேட்க வேண்டும். பெயர், இடம், பதிப்பு எண் மூன்றும் வந்துவிடும். ஒரே பெயர் 2 முறை வந்தால், அதுதான் இரட்டை!

பதிப்பு எண்ணைப் பார்க்கும்போது கவனம் தேவை. 1.9 பெரிதா, 1.10 பெரிதா? பள்ளிக்கூடக் கணக்கில் 1.9 பெரிது. இங்கே 1.10-தான் புதியது! புள்ளிக்குப் பின்னால் இருப்பதை ஒன்பது, பத்து என்று தனி எண்ணாகப் படிக்க வேண்டும்.

எதை நீக்குவது?

இரட்டை எல்லாமே கெடுதல் அல்ல. புதியது முன்னால் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். பழையது முன்னால் இருந்தால், எந்த லைப்ரரியில் உள்ளது என்று இடத்தைக் குறிப்பிட்டு அதை நீக்க வேண்டும். பொது லைப்ரரியில் உள்ளதை நிர்வாகியைக் கேட்காமல் தொடக்கூடாது. "ஆர்" மொழியோடு பிறந்த அடிப்படை பேக்கேஜ்களையும் நீக்கக்கூடாது.

நீக்கியதும் "ஆர்" மொழியை மூடித் திறக்க வேண்டும். இல்லாவிட்டால், ஏற்கனவே எடுத்து வைத்த பழைய பேக்கேஜே நினைவில் இருந்து வேலை செய்துகொண்டிருக்கும்!