அயல்நாட்டில் திருமணம்: பதிவும் சான்றும்

வெளிநாட்டில் பணிபுரியும் மகனோ மகளோ அங்கேயே மணம் முடிப்பது நம் குடும்பங்களில் இன்று புதிதன்று. மணவிழாவுக்கு மாதக்கணக்கில் ஆயத்தம் செய்யும் நாம், அதனைச் சட்டப்படி பதிவு செய்வதைப் பற்றிப் பெரும்பாலும் பின்னரே எண்ணுகிறோம். கணவன் மனைவி என்னும் உறவை ஆவணத்தால் மெய்ப்பிக்க நேரும்போதுதான் பதிவின் அருமை புலப்படுகிறது.

சட்டம் காட்டும் இரு வழிகள்

இதற்கென 1969ஆம் ஆண்டில் வெளிநாட்டுத் திருமணச் சட்டம் இயற்றப்பட்டது. மணமக்களுள் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை உடையவராயின் இச்சட்டம் பொருந்தும். மணமகனுக்கு 21 வயதும் மணமகளுக்கு 18 வயதும் நிறைந்திருத்தல் வேண்டும். இருவருள் எவருக்கும் வேறு வாழ்க்கைத்துணை இருத்தல் கூடாது. நெருங்கிய உறவில் மணம் செய்வதற்குத் தடை உண்டு. எனினும், ஒருவரது சமூக வழக்கம் அதனை அனுமதிக்குமாயின் விலக்கும் உண்டு. ஆனால் மணம் நடைபெறும் நாட்டின் சட்டம் அதனைத் தடை செய்திருந்தால், தூதரகத் திருமண அலுவலர் மறுக்கலாம்.

முதல் வழி, தூதரகத் திருமண அலுவலர் முன்னிலையில் மணம் செய்துகொள்வது. மணமக்களுள் ஒருவரேனும் அப்பகுதியில் 30 நாட்களுக்குக் குறையாமல் தங்கிய பின்னரே எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க இயலும். அறிவிப்பு வெளியிடப்பட்டபின், ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் உண்டு. அதன் பின்னர் மூன்று சாட்சிகளுடன் திருமணம் நடைபெறும். ஆகவே, சில நாள் விடுமுறையில் சென்று இவ்வழியில் மணம் முடித்துத் திரும்புதல் இயலாது. அறிவிப்பு நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மணம் நடைபெறாவிடில் புதிய அறிவிப்புத் தேவை.

இரண்டாவது வழி, அந்நாட்டுச் சட்டப்படி மணம் முடித்து, அதனைத் திருமண அலுவலரிடம் பதிவு செய்வது. பதிவான நாள்முதல் அது இச்சட்டப்படி நடந்த திருமணமாகவே கொள்ளப்படும். பதிவு மறுக்கப்பட்டால் 30 நாட்களுக்குள் மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

சான்றிதழுக்கு மதிப்பு

அந்நாட்டு அரசு வழங்கும் சான்றிதழை இந்தியாவில் பயன்படுத்த, அதன் மெய்த்தன்மையை உறுதிசெய்யும் 'அப்போஸ்டில்' முத்திரை உதவும். இதற்கான 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இந்தியாவில் 2005 முதலும் சிங்கப்பூரில் 2021 முதலும் கனடாவில் 2024 முதலும் நடைமுறையில் உள்ளது. உடன்படிக்கையில் சேராத நாடுகளில் தூதரகச் சான்றுறுதி பெறவேண்டும்.

வங்கியில் எதற்கு?

மணத்திற்குப் பின் பெயர் மாற்றுவோரிடம் பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் சான்றை நாங்கள் கேட்கிறோம். முதலில் கடவுச்சீட்டில் பெயரை மாற்றிக்கொண்டால் மற்றவை எளிதாகும். அயல்நாட்டுத் துணைவர், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெற விரும்பினால், பதிவு செய்யப்பட்ட திருமணம் இரண்டாண்டுகளேனும் தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது, கணக்குதாரர் மறைந்தபின் எழும் கேள்வி. நியமனதாரர் இல்லாத கணக்கில், துணைவர் தம் வாரிசுரிமையை மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். துயரம் மிகுந்த அவ்வேளையில் அயல்நாட்டு அலுவலகத்திற்கு எழுதிச் சான்று தேடுவது எளிதன்று.

எனவே, அந்நாட்டைவிட்டுப் புறப்படுமுன் பதிவை முடித்துச் சான்றுறுதி பெற்ற கூடுதல் படிகளையும் கையோடு கொண்டு வாருங்கள். ஊர் திரும்பியதும் நியமனத்தைப் புதுப்பித்துக்கொள்ள எங்கள் கிளையை அணுகுங்கள்.